கோரஸை வாங்கினால் ஜாம்ஷெட்பூரில் நிலக்கரி மிச்சமாகுமா?

2007 ஜனவரி இறுதியில் கோரஸ் என்ற ஆங்கிலோ-டச்சு உருக்குக் கம்பெனிக்கு லண்டனில் ஒன்பது சுற்று ஏலம் நடந்தது. பிரேசிலின் சி.எஸ்.என். கம்பெனி பங்கு ஒன்றுக்கு 603 பென்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. டாடா ஸ்டீல் 608 பென்ஸ் கொடுத்து எடுத்தது. மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர். அதே ஆண்டில் நோவெலிஸ் என்ற அலுமினியக் கம்பெனியை ஹிண்டால்கோ 600 கோடி டாலருக்கு வாங்கியது. வெள்ளைக்காரன் கம்பெனியையே வாங்கிவிட்டோம் என்ற பூரிப்பு அப்போது ஊரெங்கும் இருந்தது, அது போகட்டும். அந்தப் பூரிப்போடு ஒரு பொருளாதாரக் கருத்தும் வந்து உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்து போகவில்லை.

கருத்து இதுதான். நம் கம்பெனிகள் வெளிநாட்டில் முதலீடு செய்தால் அங்குள்ள உயர்ந்த நுட்பம் தாய்வீட்டு ஆலைக்குத் திரும்பி வரும். ஒரு டன் இரும்புக்கு எரியும் நிலக்கரி குறையும், ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் மின்சாரம் குறையும். வெளிநாட்டுப் பணம் இங்கே வந்தாலும் இதே பலன்தான். நாட்டில் நல்ல ஆட்சி அமைப்பு இருந்துவிட்டால் பலன் இன்னும் பெருகும். சீனாவை வைத்து இதற்குச் சமன்பாடு போட்டு எழுதிய ஆய்வுகள் ஏராளம். நம்மூர் வணிகப் பக்கங்களும் மாநாட்டு மேடைகளும் சமன்பாட்டை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டன. இதில் காரணமும் விளைவும் தலைகீழாக நிற்கின்றன என்பது என் வாதம். எரிபொருளை மிச்சப்படுத்துவது உள்ளூர் விதியும் விலையும் மீட்டரும்தான். கடல் கடந்த முதலீடு பெரும்பாலும் கணக்கு ஏட்டை மட்டுமே மாற்றுகிறது.

முதலில் கோரஸ். வாங்கிய மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. கோரஸின் டீசைடு ஆலை 2011-இல் தாய்லாந்துக் கம்பெனிக்குப் போனது. ஸ்கன்தார்ப் உள்ளிட்ட பிரிவு 2016-இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. வேல்ஸின் போர்ட் டால்பட்டில் மிஞ்சியிருந்த இரண்டு ஊது உலைகளும் 2024-இல் அணைந்தன. இவையெல்லாம் வியாபார நட்டம், ஆற்றல் சிக்கனத்தோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். சரி, நட்டத்தை விட்டுவிட்டு நுட்பத்தையே பார்ப்போம். கோரஸோடு கிடைத்ததில் உருப்படியானது நெதர்லாந்தின் ஐமுய்டன் ஆலை. அங்கே ஹைசார்னா என்றொரு சோதனை உலை இருக்கிறது. கோக் அடுப்பும் வேண்டாம், தாதுவைச் சுட்டுக் கட்டியாக்கும் ஆலையும் வேண்டாம். தாதுத் தூளையும் நிலக்கரியையும் நேரே போட்டு இரும்பை உருக்கும். ஆற்றல் செலவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது கணக்கு. 2010-ஐ ஒட்டி அந்த உலை எழுந்தபோதே அது டாடாவின் வீட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தும் வணிக அளவில் ஒரு ஹைசார்னா உலை டாடாவின் தாய் ஆலை இருக்கும் ஜாம்ஷெட்பூரில் எழவில்லை. கம்பெனி ஒன்றுதான், முதலாளியும் ஒருவர்தான். திரும்பி வரும் என்ற நுட்பம் எங்கே தங்கிவிட்டது?

இதே காலத்தில் ஜாம்ஷெட்பூர் தன் எரிபொருள் செலவைக் குறைக்காமல் இல்லை. குறைத்தது, வேறு வழியில். கோக் அடுப்பின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். அடுப்புக் கதவு திறந்ததும் ஆயிரம் டிகிரிச் சூட்டில் செக்கச்செவேலென்று கோக் வந்து விழும். பழைய முறையில் அதை ஒரு கோபுரத்தின் கீழே தள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரைக் கொட்டி அணைப்பார்கள். வெள்ளை ஆவி மேகம்போல எழுந்து போகும். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் அப்படியே வானத்துக்கு. புதிய முறையில் அதே கோக்கை மூடிய அறைக்குள் இறக்கி நைட்ரஜன் வாயுவைச் சுற்றவிட்டு ஆற்றுவார்கள். வாயு உறிஞ்சிய சூட்டில் நீராவி உண்டாகி டர்பைன் சுழலும். ஜாம்ஷெட்பூரில் இந்த உலர் அணைப்பு முறை ஜப்பான் அரசின் நெடோ முகமையின் மாதிரித் திட்டமாக வந்தது. கோரஸ் வழியாக வரவில்லை. விசாகப்பட்டினம் அரசு உருக்காலையிலோ தொடக்கத்திலிருந்தே சோவியத் வடிவமைப்பில் இது இருக்கிறது. அந்த ஆலை வெளிநாட்டில் ஒரு கம்பெனியையும் வாங்கியதில்லை. நுட்பம் சந்தையில் விற்கிற பொருள். விற்பதற்கென்றே பொறியியல் கம்பெனிகள் இருக்கின்றன. அதற்காக 1,200 கோடி டாலர் கொடுத்து ஆலையையே வாங்கவேண்டியதில்லை.

இந்திய உருக்கின் மொத்தச் சித்திரம் இதைவிடக் கசப்பானது. ஒரு டன் கச்சா உருக்குக்கு உலகில் ஐந்து ஜிகாகலோரிக்குள் முடிகிற வேலைக்கு நம் சராசரி ஆறைத் தாண்டுகிறது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டில் பரவிக் கிடக்கும் சிறிய ஸ்பாஞ்ச் அயர்ன் சூளைகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். மட்டமான நிலக்கரி, சின்னச் சுழல்சூளை, வீணாகும் புகைச்சூடு. லண்டன் ஏலத்தில் யார் ஜெயித்தார் என்பது சத்தீஸ்கரின் ராய்கர் சூளைக்காரருக்குச் செய்தியே இல்லை. அவர் கதவைத் தட்டக்கூடியவர் ஆய்வாளர் ஒருவரே, அல்லது நிலக்கரி விலை.

ஹிண்டால்கோ கதை இன்னும் தெளிவு. நோவெலிஸின் தனிச்சிறப்பு பழைய அலுமினியத்தை உருக்கித் தகடாக்குவது. அதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 விழுக்காடுதான் ஆகும். நாட்டின் ஆற்றல் கணக்கையே புரட்டிப்போடக்கூடிய வித்தை இது. ஆனால் அந்த வித்தைக்குத் தீனி பழைய குளிர்பான டப்பா. அதைத் தரம் பிரித்துச் சேகரித்துப் பெருமளவில் ஆலைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு மேற்கே இருக்கிறது. இங்கே அந்த வேலையைத் தள்ளுவண்டிப் பழைய பேப்பர்காரர் தலையில் கட்டிவிட்டு நகராட்சி ஒதுங்கிக்கொண்டது. பங்குச் சான்றிதழை நோவெலிஸ் இருக்கும் அட்லாண்டாவிலிருந்து கொண்டுவரலாம், குப்பை பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவர முடியாது.

இனி ஏட்டுக் கணக்கு. வெளிநாட்டு முதலீடு தாய்நாட்டின் ஆற்றல் எண்ணை மெய்யாகவே மாற்றிய ஒரு நாடு உண்டு, ஜப்பான். 1970-களின் பிற்பகுதியில் அங்கே ஆண்டுக்கு 16 லட்சம் டன் அலுமினியம் உருக்கும் திறன் இருந்தது. ஒரு டன்னுக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம். அதில் பெரும்பகுதி எண்ணெய் எரித்து எடுத்தது. எண்ணெய் விலை இரண்டு முறை தாவியதும் உருக்காலைகள் வரிசையாக மூடின. ஜப்பானியக் கூட்டுப் பணம் சுமத்ராவின் அசஹான் ஆற்றங்கரைக்கும் அமேசான் முகத்துவாரத்துக்கும் போனது. அசஹானில் 1982-இலும் பிரேசிலின் பார்கரேனாவில் 1985-இலும் உருக்கும் வேலை தொடங்கியது. பத்தாண்டுக்குள் ஜப்பானில் மிஞ்சியது சொந்த நீர்மின்சாரத்தில் ஓடிய கம்பாரா ஆலை மட்டும். அதுவும் 2014-இல் நின்றது. ஒரு யென் உற்பத்திக்கு எவ்வளவு ஆற்றல் என்ற ஜப்பானின் கணக்கு அழகாக இறங்கியது. ஆனால் உலகில் ஒரு டன் அலுமினியத்துக்கு ஆகும் மின்சாரம் இதனால் ஒரு யூனிட்டும் குறையவில்லை. வேறு ஆற்றங்கரையில் செலவானது, அவ்வளவே. போர்ட் டால்பட் அணைந்தபின் பிரிட்டனின் எண்ணும் இப்படித்தான் அழகாகும். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானில் மெய்யான சிக்கனமும் நடந்தது. அதன் ஊற்று 1979-இன் ஆற்றல் சேமிப்புச் சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிபொருள் செலவிடும் ஒவ்வொரு ஆலையும் தேர்வெழுதித் தகுதி பெற்ற ஆற்றல் மேலாளரை வைத்துக்கொள்ள வேண்டும், அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பின்னர் 1998 திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. சந்தையிலுள்ள குளிர்பெட்டியிலும் ஏ.சி.யிலும் மிகச் சிக்கனமானது எதுவோ அதை அளவுகோலாக வைத்து, குறிப்பிட்ட ஆண்டுக்குள் எல்லாக் கம்பெனிகளும் தங்கள் சராசரியை அங்கே கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஜப்பானின் புகழ் பெற்ற சிக்கனத்தில் சட்டம் செய்ததும் உண்டு, சுமத்ராவுக்கு அனுப்பியதும் உண்டு. நாட்டு வாரியான எண்ணை மட்டும் எடுத்துச் சமன்பாட்டில் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

சீனாவைக் காட்டாமல் இந்த வாதம் நடப்பதில்லை, ஆகவே சீனா. 1980 முதல் 2000 வரை அங்கே பொருளாதாரம் நான்கு மடங்கானது, ஆற்றல் செலவு இரண்டு மடங்குதான். அந்த இருபதாண்டில் சீனக் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்ட முதல் அற்பம். 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள், வெளிநாட்டுப் பணம் கரைபுரண்டு வந்தது. பிரபலக் கருத்துப்படி சிக்கனம் இன்னும் வேகமாக வந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். 2003-இலும் 2004-இலும் ஆற்றல் செலவு பொருளாதாரத்தைவிட வேகமாக ஏறியது. இருபதாண்டு இறங்கிய கோடு மேலே திரும்பியது. உருக்கும் சிமெண்டும் கட்டுப்பாடின்றிப் பெருகின. அதைத் திருப்பியது 2006-இல் தொடங்கிய பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம். ஐந்து ஆண்டில் 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது கட்டாய இலக்கு. நாட்டின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிய 1,000 பெரிய ஆலைகளோடு தனித்தனி ஒப்பந்தம். இலக்குத் தவறினால் மாகாண அதிகாரியின் பதவி உயர்வு போச்சு. கடைசியில் 19.1 விழுக்காடு எட்டினார்கள். அதற்காகச் செய்த கூத்தும் கொஞ்சமில்லை: ஹெபெய் மாகாணத்து அன்பிங்கில் 2010-இல் இலக்கை எட்ட வீடுகளுக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். அதை நான் மெச்சவில்லை. எந்த விசையைத் திருகினால் எண் நகர்ந்தது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

சீனா, இந்தியா இரண்டுக்கும் ஒரே வெளிநாட்டு உதவி கிடைத்த ஒரு நிகழ்வும் இருக்கிறது. பிரபலக் கருத்தைச் சோதிக்க இதைவிடத் தோதான களம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் மாவு 1,450 டிகிரிச் சூட்டில் கிளிங்கர் என்ற கட்டியாகிறது. உள்ளே வரும் மாவை ப்ரீஹீட்டர் கோபுரத்தில் புகையாலேயே சூடாக்கிய பிறகும் அந்தப் புகை முந்நூறு டிகிரிக்கு மேல் வெளியே போகும். வெந்து இறங்கும் கிளிங்கரை ஆற்றிய காற்றும் சுடச்சுட வெளியேறும். இரண்டையும் பிடித்து நீராவியாக்கினால் ஆலையின் மின் தேவையில் கால் பங்குவரை எரிபொருளே இல்லாமல் எடுக்கலாம். இந்த ஏற்பாட்டை நெடோ முகமை 1990-களில் சீனாவின் ஆன்ஹுய் காஞ்ச் கம்பெனியின் நிங்குவோ ஆலையில் மாதிரியாக நிறுவிக் கொடுத்தது. பிறகு இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா சிமெண்ட்ஸின் விஷ்ணுபுரம் ஆலையில் 7.7 மெகாவாட் அளவில் கொடுத்தது. கொடுத்தவர் ஒருவர், கொடுத்த பொருளும் ஒன்று.

2012 வாக்கில் சீனாவில் இப்படிப்பட்ட நிலையங்கள் 700-ஐத் தாண்டின. இந்தியாவில் முப்பதைத் தொடவில்லை. அங்கே புதுச் சூளை கட்டினால் வெப்பத்தைப் பிடித்தே ஆகவேண்டும் என்று அரசு நெருக்கியது. காஞ்சும் ஜப்பானின் கவாசாகியும் கூட்டுச் சேர்ந்து கருவியை உள்ளூரிலேயே செய்தன, விலை விழுந்தது. இங்கே அந்த மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்கது என்று எண்ணலாமா கூடாதா என்பதிலேயே மாநிலத்துக்கு மாநிலம் வழக்காடிக் காலம் போனது. பின்னால் பெரிய இந்தியக் கம்பெனிகள் மடமடவென்று இந்த நிலையங்களைக் கட்டின என்பதும் உண்மை. அது நிலக்கரியும் மின்வாரியக் கட்டணமும் கடித்த பிறகு.

நம்மைப் பற்றிக் குறை மட்டும் சொன்னேன் என்று இருக்க வேண்டாம். அதே சிமெண்ட் துறை கிளிங்கர் சூளையின் எரிபொருள் சிக்கனத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. எப்படி வந்தது? ஆலைக்கு இவ்வளவு என்று அரசே விலை கட்டிக்கொடுத்த காலத்தில், மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிச் சூளையில் விடும் ஈரமுறை ஆலைகள் சொகுசாக ஓடின. தண்ணீரை ஆவியாக்கவே நிலக்கரியில் ஒரு பெரும் பங்கு போகும். போனால் என்ன, செலவைத்தான் விலையில் கட்டிவிடுகிறார்களே. 1982-இல் பாதியாகவும் 1989-இல் முழுதாகவும் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் ஈரமுறை ஆலை பிழைக்க முடியவில்லை. ஒரு கிலோ கிளிங்கருக்கு 1,300 கிலோகலோரி எரித்த துறை 750-க்குக் கீழே இறங்கியது. டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித் போன்றவர்களிடம் கருவி வாங்கினார்கள். அந்தக் கம்பெனியின் சூளை ஈரமுறைக் காலத்திலும் விற்பனைக்கு இருந்ததுதான். மாறியது நம் விலை விதி.

இங்கே பிரபலக் கருத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஆட்சி அமைப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களும் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். எந்த அமைப்பு என்பதில்தான் தகராறு. அவர்கள் அளப்பது முதலீட்டாளருக்கு வசதியான அமைப்பை. உலக வங்கியின் தொழில் எளிமைப் பட்டியலில் இந்தியா ஐந்தாறு ஆண்டில் 142-ஆம் இடத்திலிருந்து 63-க்கு ஏறியது. கொண்டாடினோம். புள்ளிவிவர முறைகேடு வெளிப்பட்டு 2021-இல் வங்கியே அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டது. முறைகேடே இல்லாவிட்டாலும், மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. முதலீட்டாளரின் வசதிக்கு மட்டும் எழுதிய ஒப்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையம் இருக்கிறது. அமெரிக்க என்ரான் கம்பெனியின் அந்தக் கூட்டுச்சுழல் நிலையம் நிலக்கரி நிலையங்களைவிட எரிபொருள் சிக்கனமானது. 1999-இல் ஓடத் தொடங்கியது. அதன் மின்சாரம் வாங்கக் கட்டுபடியாகாமல் 2001-இல் மாநில மின்வாரியம் கைவிரித்தது. சிக்கனமான இயந்திரம் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்றது.

வீட்டு விளக்கிலும் இதே கதை. பிலிப்ஸ் 1930 முதல் இந்தியாவில் இருக்கிறது. எண்பது ஆண்டு இருந்தும் பெரும்பாலான வீடுகளில் எரிந்தது குண்டு பல்புதான். அரசின் இ.இ.எஸ்.எல். மொத்தக் கொள்முதலில் இறங்கியதும் 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு விழுந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. விற்ற கம்பெனிகளில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் உண்டு. விலையை உடைத்தது டெண்டர்.

எதிர்வாதம் ஒன்று வரும். ஆட்சி அமைப்பு ஒரு மட்டத்தைத் தாண்டிய பிறகே வெளிநாட்டு முதலீடு பலன் தருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே, நீங்கள் சொல்வதும் அதுதானே என்று. அதுவல்ல. அந்த மட்டத்தைத் தாண்டிய நாட்டில் விதியும் விலையும் ஏற்கெனவே ஆலைகளை நெருக்கிக்கொண்டிருக்கும். நெருக்கப்பட்டுச் சிக்கனமான ஆலைதான் கையில் காசு சேர்ந்து வெளிநாடு போய்க் கம்பெனி வாங்கும். முதலில் சிக்கனம், பிறகு பயணம். இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்து தெரிவதைப் பார்த்துப் பயணத்துக்கு மாலை போடுகிறார்கள்.

தமிழ்நாட்டு மேடைகளில் இந்த மாலை தாராளம். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. வரட்டும், வேலை கிடைக்கும். ஆனால் மாநிலத்தின் மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் கண்ணில் படும். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். இலவசத்தோடு எனக்குச் சண்டையில்லை. பெரும்பாலான இணைப்பில் மீட்டர் இல்லை என்பதோடுதான் சண்டை. நாட்டின் பம்புசெட்டுகளில் பெரும்பங்கு கோவையில் உருவாகிறது. நட்சத்திர முத்திரை பெற்ற சிக்கனப் பம்பும் அங்கேதான் கிடைக்கும், மலிவுச் சரக்கும் அங்கேதான் கிடைக்கும். விவசாயி மலிவானதை வாங்குகிறார். வோல்டேஜ் குறைவில் மோட்டார் கருகும். பக்கத்து ஊர்க் கடையில் ரீவைண்டிங் செய்வார். ஒவ்வொரு தடவை கம்பி மாற்றும்போதும் மோட்டார் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். அவர் பையில் அது கைவைப்பதில்லை. மின்வாரியத்துக்கோ எவ்வளவு என்று தெரிவதே இல்லை, மதிப்பீடு போட்டு எழுதிக்கொள்கிறது. உலகின் மிகச் சிறந்த பம்புக் கம்பெனியைக் கோவைக்காரர் ஒருவர் நாளை விலைக்கு வாங்கினாலும் இந்தக் கிணற்று மேட்டில் ஒன்றும் நடக்காது. மீட்டர் வைத்து, மிச்சம் பிடித்த யூனிட்டுக்குக் காசு கொடுத்துப் பார்த்தால் நடக்கும்.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் வந்தது, மறு ஆண்டு ஆற்றல் திறன் செயலகம் வந்தது. 2012-இல் 478 பெரிய ஆலைகளுக்கு ஆளுக்கொரு இலக்கு வைத்தார்கள். இலக்கைத் தாண்டியவர் சான்றிதழ் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். மூன்று ஆண்டில் 66.9 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலைச் சேமிக்கச் சொன்னார்கள், 86.7 லட்சம் சேமித்தார்கள். கைதட்டும் முன் சான்றிதழ் விலையையும் பார்க்க வேண்டும். ஒரு டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலின் மதிப்பு சுமார் 11,000 ரூபாய் என்று அரசே நிர்ணயித்திருந்தது. 2017-இல் சந்தையில் சான்றிதழ் 1,200 ரூபாய்க்குத் தொடங்கி 200 வரை சரிந்தது. இலக்கு அவ்வளவு தளர்வு. 2019 மார்ச்சில் முடிந்த இரண்டாம் சுற்றின் சான்றிதழ்கள் சந்தைக்கு வர 2021-இன் பிற்பகுதி ஆயிற்று. இரண்டரை ஆண்டு தள்ளி வரும் பரிசையும் தண்டனையையும் நம்பி எந்த ஆலை அதிகாரி இயக்குநர் குழுவிடம் போய்ப் பணம் கேட்பார்? இப்போது இந்த ஆலைகளை 2023-இல் அறிவித்த கார்பன் வணிகத் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2001-இன் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்தும் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. லிஃப்டுக்கு உரிமம் கொடுப்பதும் மின்வரி பார்ப்பதும் அதே துறைதான். அங்கே ஆற்றல் தணிக்கைக்கென்று மட்டும் ஐம்பது பொறியாளர்களைக் கருவியோடு அமர்த்தினால், ஆண்டுச் சம்பளம் ஒரு பெரிய முதலீட்டாளருக்குக் கொடுக்கும் முத்திரைத்தாள் சலுகைக்குள் அடங்கிவிடும்.